கொதித்ததைச் சட்டென்று ஆற்றுவது

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு என்னிடம் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் வில்லங்கமானது. வீட்டிலேயே சிறிய அளவில் பீர் காய்ச்சுகிறவர்கள் கொதித்த வோர்ட்டை எப்படி விரைவாக ஆற்றுகிறார்கள் என்பதுதான் அது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அமெரிக்காவில் 1978-இல் கையெழுத்தான ஒரு சட்டம்தான் சொந்த உபயோகத்துக்கான வீட்டு பீருக்கு மத்திய அளவில் வழிவிட்டது. இங்கிலாந்தில் 1963-இலேயே அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்றாக்கிவிட்டார்கள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்கு வேண்டியது அந்த பீர் அல்ல, அவர்கள் ஆற்றும் வித்தை. பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்த எனக்கு அதில் தனி ருசி உண்டு.

வோர்ட் என்பது இன்னும் புளிக்காத பீர். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போல ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போட்டு, இன்னொரு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். அப்புறம் அதை 20 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். சுடச்சுடச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துப்போகும். 35 டிகிரி வாக்கில் சேர்த்தால் சாகாது, ஆனால் தொண்டையைப் பிடிக்கிற காட்டமான வாசனைகளை உண்டாக்கிவிடும்.

சரி, தானாகவே ஆறட்டும் என்று விட்டால் என்ன? மூன்று கஷ்டங்கள் வரும். பார்லியில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் உடைந்து, வேகவைத்த மக்காச்சோள வாசனையுள்ள டைமெத்தில் சல்ஃபைடு ஆகிறது. கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்து மூடி வைத்தாலோ, சூடு இருக்கும்வரை உண்டாகிக்கொண்டே இருக்கும், ஆனால் வெளியே போக வழியில்லை. ஹாப்ஸின் கசப்பும் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். மூன்றாவதுதான் பெரிய கஷ்டம். இளஞ்சூட்டில் இருக்கும் இனிப்பு நீர் கண்ணில் படாத கிருமிகளுக்கெல்லாம் பந்தி போட்ட மாதிரி. சட்டென்று ஆற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. புரதங்கள் திரிந்து திரிதிரியாக அடியில் படிந்துவிடும், பீர் தெளிவாக இருக்கும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர். அங்கே வோர்ட்டைப் பெரிய அகலத் தட்டுத் தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்தான் அதைப் புளிக்க வைக்கிறது. அதையும் குளிர்காலத்தில்தான் செய்கிறார்கள். ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டுச் சித்தூரில் அப்படி ஒரு தொட்டியைத் திறந்து வைத்தால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று நம் கள்ளு ஷாப் பக்கம் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 1701-இல் நியூட்டன் சொன்னது இதுதான்: சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக அது ஆறும். 28 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீருக்குள் 100 டிகிரி பாத்திரத்தை வைக்கிறோம் என்று வையுங்கள். வித்தியாசம் 72. ஐந்து நிமிடத்தில் அது பாதியானால் சூடு 64-க்கு இறங்கியிருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் 46, அதற்கடுத்து 37, பிறகு 32½. முதல் ஐந்து நிமிடத்தில் 36 டிகிரி குறைந்தது, நான்காவது ஐந்து நிமிடத்தில் நாலரை டிகிரிதான் குறைகிறது. எத்தனை நேரம் வைத்தாலும் 28-க்குக் கீழே போகாது. கடைசிப் பத்து டிகிரிதான் பாடாய்ப் படுத்தும்.

ஐஸை எப்போது செலவழிப்பது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகவே 80 கிலோகலோரி சூட்டை இழுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 20 டிகிரிக்கு வருவதற்குள் இன்னும் 20 இழுக்கும். ஆக மொத்தம் நூறு. ஐந்து லிட்டர் வோர்ட்டை 100-லிருந்து 20-க்கு இறக்க 400 கிலோகலோரி வெளியேற வேண்டும். முழுக்க ஐஸையே நம்பினால் நான்கு கிலோ தேவை. பலர் செய்வது இதுதான். கொதிக்கிற பாத்திரத்தை நேராக ஐஸில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் ஐஸெல்லாம் தீர்ந்தபின் திருதிருவென்று விழிப்பது.

அதே 28 டிகிரியில் பத்து லிட்டர் கிணற்று நீரை ஒரு டப்பில் ஊற்றி, அதில் பாத்திரத்தை வையுங்கள். இரண்டும் சமமாகும்போது சூடு 52. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பத்து லிட்டர் ஊற்றினால் 36. மூன்றாம் தடவை ஊற்றினால் ஏறக்குறைய 31. இதுவரை ஒரு கட்டி ஐஸ்கூடச் செலவாகவில்லை. இப்போது டப்பில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் விட்டு ஒரு கிலோ ஐஸைப் போட்டால் போதும், 20-க்கு வந்துவிடும். மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம். பாலக்காட்டு வெயிலில் மத்தியானம் குழாயைத் திறந்தால் வருவதே வெந்நீர்தான். கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ அப்போதுதான் எடுத்த நீர் வேண்டும்.

பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே போய்விடக் கூடாது. கிளற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் இருப்பது முதலில் ஆறி அடியில் தேங்கும், மேலே நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும். வெளியே இருக்கும் தண்ணீருக்கும் அதே கதைதான், அதையும் கலக்கிவிட வேண்டும். உள்ளே விடும் கரண்டி கொதிநீரில் போட்டு எடுத்ததாக இருக்கட்டும். 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு அதைத் தொடுகிற ஒவ்வொன்றும் அப்படித்தான் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வருகிற மாதங்களில் மூடி கட்டாயம். சூடாக இருக்கும்போது கண்ணாடி ஜாடியில் மட்டும் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, வோர்ட்டுக்குள் இறக்கி, குழாய்க்குள்ளே தண்ணீர் ஓடவிடும் முறை ஒன்று உண்டு. செம்பு எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். இருபது லிட்டர் காய்ச்சுகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். ஐந்து லிட்டருக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி. பாத்திரம் சிறியதாக இருந்தால் கொள்ளளவோடு ஒப்பிடும்போது அதன் மேற்பரப்பு அதிகம், அதனால் சூடு தானாகவே வேகமாக வெளியேறும். டப்பே போதும். பிளேட் சில்லர் என்று இன்னொன்று. மெல்லிய தகடுகளுக்கு ஒரு பக்கம் சூடானது, மறுபக்கம் குளிர்ந்தது, எதிரெதிராக ஓடும். 1923-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் பாலுக்காக உருவாக்கிய கருவி அது. பால் நிலையத்தில் எனக்குப் பழக்கமான அதே தகடுகளைப் பீர் காய்ச்சுகிறவர்களும் வாங்கிப் பூட்டுகிறார்கள். கழுவுவதுதான் பெரும்பாடு.

சிறிய அளவுக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து லிட்டருக்கான சத்தை மூன்று லிட்டராகக் கெட்டியாகக் காய்ச்சிவிட்டு, கடைசியில் இரண்டு கிலோ ஐஸை உள்ளேயே போட்டுவிடுவது. கணக்குப் போட்டால் நேராக 28 டிகிரி வரும், அதுவும் ஐஸ் உருகுகிற நேரத்துக்குள். அந்த ஐஸ் மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரைச் சுத்தமான டப்பாவில் மூடி உறைய வைத்ததாக இருக்க வேண்டும். மீனுக்குப் போடும் பார் ஐஸை உணவுக்குள் போடுவது பேதி மருந்து சாப்பிடுவதற்குச் சமம்.

ஐஸே கிடைக்காத காலத்தில் பதநீர் இறக்கியவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவி ஈஸ்ட்டை அடக்கி வைத்தார்கள். இப்போது காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளையிலேயே ஐஸ் பெட்டியை மாட்டி, சாற்றைச் சொட்டும்போதே குளிர வைக்கிறது. அதனால் சுண்ணாம்பு இல்லாமலே அது புளிக்காமல் இருக்கிறது.

உங்கள் அடுப்படிக்கு இதெல்லாம் எங்கே உதவும்? கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார், கறிக்குழம்பு, பாயசம் இவற்றை ஆற்றும்போது உதவும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிப்படி, வெந்த உணவு 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அதிலிருந்து 5-க்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள். கொதியைத் தாங்கிப் பிழைக்கும் விதைக் கிருமிகள் சோற்றிலும் கறியிலும் உண்டு, நிதானமாக ஆறும் அண்டாதான் அவற்றுக்கு வசதி. கெட்டியான பொருள் வோர்ட் மாதிரி தனக்குள் சுழலாது, ஆகவே டப் மட்டும் போதாது. அகலமான தாம்பாளங்களில் நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, தாம்பாளத்தைக் கிணற்று நீரில் வைத்துக் கிளறுங்கள். ஆறிய பிறகு ஃபிரிட்ஜ். அண்டாவோடு அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் குழம்பும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் கெடும்.

டப்பிலிருந்து கொட்டும் முதல் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் இருக்கும். அதைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், எண்ணெய்ப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.