எந்த ஓமோன் என்று கேளுங்கள்

(மட்டக்களப்பு, படுவான்கரைக் கிராமமொன்றின் பல்நோக்கு மண்டபத்தில் மாதர் சங்கமும் கமக்கார அமைப்பும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் பின்வரிசையில் போனோடு இருக்கிற தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் வந்து இறங்கியதும் வாசலிலேயே ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். "டொக்டர், எனக்கு எல்லாம் ஹோமோன் பிரச்சினைதான். மயிர் கொட்டுது, உடம்பு பெருத்துப் போச்சு, ஒண்டுக்கும் ஏலாது" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "பேஸ்புக்கில போட்டிருந்தாங்க." சரி, எந்த ஹோமோன் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஹோமோன் என்றால் ஹோமோன்தானே, அதில் என்ன எது என்று.

எங்கள் அம்மம்மா காலத்தில் ஆள் சோர்ந்தால் நாவூறு. இப்போது அந்தக் கதிரையில் ஹோமோன் வந்து குந்தியிருக்கிறது. நாவூறுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால் காரியம் முடிந்தது. ஹோமோனைச் 'சமப்படுத்த' விற்கிற தூள் டப்பாவின் விலையைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது. அந்தத் தூள் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று டப்பாவில் இருக்காது. உடம்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஓமோன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கரண்டித் தூள் சமப்படுத்துமென்றால் நாங்கள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஊரில் ஹோமோன், பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஓமோன். இரண்டும் ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு வயது நூற்றியிருபது வருடம். லண்டனில் ஸ்டார்லிங் என்ற உடலியல் விஞ்ஞானி 1905இல் ஒரு சொற்பொழிவில் அதை முதன்முதலில் சொன்னார். 'தூண்டிவிடுதல்' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஒரு சுரப்பி இரத்தத்தில் விடுகிற தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ இருக்கிற உறுப்பு அதைக் கேட்டு வேலை செய்யும்.

இந்த மண்டபத்தில் பாதிப்பேர் வயல்காரர். வட்டை விதானை என்ன செய்வார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளத்துத் தண்ணீர் எந்த வட்டைக்கு எப்போது, எவ்வளவு என்று பார்த்துவிடுவது அவர் வேலை. கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் சத்தம் போடுவார். ஏறிவிட்டால் சத்தம் அடங்கும். உங்கள் தலைக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். கபச்சுரப்பி என்று பெயர், மூளைக்கு அடியில், எடை அரைக் கிராம் அளவு. பல சுரப்பிகளுக்கு அவர்தான் விதானை. அவருக்கும் மேலே மூளையில் ஒரு பெரிய விதானை இருக்கிறார், அவரை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

இதைத் தெரிந்துகொண்டால் தைரொயிட் ரிப்போட்டை நீங்களே பாதி வாசிக்கலாம். கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிற சுரப்பி அது. உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதை அது விடுகிற தைரொட்சின் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் குளிர் தாங்காது, மலம் இறுகும், தோல் வறளும், மயிர் கொட்டும், எடை கொஞ்சம் ஏறும், எழும்பவே மனம் வராது. கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவார்கள்.

ரிப்போட்டில் டி.எஸ்.எச். என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது தைரொயிட் சுரப்பது அல்ல. விதானை போடுகிற சத்தம். டி.எஸ்.எச். கூடியிருந்தால் விதானை கத்துகிறார், அதாவது வயலில் தண்ணீர் இல்லை. பெரும்பாலும் தைரொயிட் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். "எனக்குத் தைரொயிட் கூடிப்போச்சு" என்று ரிப்போட்டை நீட்டுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் குறைவுதான். எண்ணைப் பார்த்துப் பயந்து குளிசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவர்களையும் கண்டிருக்கிறேன்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. என் மனைவியின் அம்மா, எனக்கு மாமி, இரண்டு வருடமாகத் தைரொட்சின் குளிசை போடுகிறார். ஒவ்வொரு முறையும் டி.எஸ்.எச். கூடித்தான் வரும். கிளினிக்கில் அளவைக் கூட்டுவார்கள், மறுகா பார்த்தால் திரும்பக் கூடுதல். மாமி குளிசையைக் கள்ளமாக எறிகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒருநாள் விடியற்காலம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். ஐந்தரை மணி. குசினி மேசையில் சில்வர் டம்ளரில் பால் தேத்தண்ணி. பக்கத்தில் பழைய பிஸ்கட் டின் மூடி. அந்த மூடியில் மூன்று குளிசை: தைரொட்சின் சின்னது, இரும்புச்சத்துக் குளிசை சிவப்பு, கல்சியம் பெரிய வெள்ளை. மூன்றையும் ஒரே கையில் அள்ளி, பால் தேத்தண்ணியில் ஒரே விழுங்கு. "மூண்டு தரம் தண்ணி குடிக்கிறதுக்கு ஒரே தரம் போடுறன் மகன்" என்றார்.

இரும்பும் கல்சியமும் தைரொட்சினைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைத்துவிடும், இரத்தத்துக்கு ஏறவிடாது. பாலும் தேத்தண்ணியும்கூட அதைக் குறைக்கும். மாமி ஒரு குளிசையையும் எறியவில்லை, ஒழுங்காகப் போட்டு ஒழுங்காக வீணாக்கியிருக்கிறார். எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டொக்டர் மருமகன் நானும் கேட்கவில்லை.

ஆகவே தைரொட்சின் போடுகிறவர்கள் கவனியுங்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், தினமும் ஒரே நேரத்தில். அதன்பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தேத்தண்ணியும் இல்லை, சாப்பாடும் இல்லை. இரும்பு, கல்சியம் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி. அளவை மாற்றினால் அடுத்த கிழமையே இரத்தம் குத்திப் பார்க்கவேண்டாம். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை சென்றால்தான் விதானையின் சத்தம் புது அளவுக்கு வந்து நிற்கும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைரொட்சின் செய்ய அயடீன் வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து நமது நாட்டில் சமையல் உப்பில் அயடீன் கலக்கிறார்கள். அந்தப் பக்கட்டை வெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் அயடீன் போய்விடும். போத்தலில் போட்டு மூடுங்கள். அயடீன் நல்லதென்று உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், பிரஷர் ஏறும்.

இனி இன்சுலின். இதற்கு விதானை தேவையில்லை. வயிற்றுக்குள் இருக்கிற சதையி என்ற சுரப்பி இரத்தத்தில் உள்ள குளுக்கோசை, அதாவது சீனியை, தானே ருசி பார்த்து, தேவையான அளவுக்கு இன்சுலினை விடும். இன்சுலின் செய்வது வக்கடை திறக்கிற வேலை. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் வரம்பில் வக்கடை திறக்காவிட்டால் வயல் காயும் அல்லவா? இரத்தத்தில் சீனி நிரம்பி வழிந்தும் தசைக்குள் போகாமல் ஆள் களைத்துப்போவது இதனால்தான். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஏற ஏற வக்கடையில் சேறு அடைக்கிறது. சதையி விடாமல் கூடக்கூட இன்சுலினை அனுப்பும். அந்தச் சில வருடங்களில் சீனி ரிப்போட் நல்லாகத்தான் இருக்கும். சதையி களைத்த பிறகுதான் எண் ஏறும்.

அதனால் ரிப்போட்டுக்கு முதல் அளவுநாடாவைப் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, நமது ஆட்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80. அதைத் தாண்டினால் சேறு ஏறத் தொடங்கிவிட்டது என்று எடுங்கள். வெறும் வயிற்றுச் சீனி 100க்குள் இருந்தால் நல்லது, 126ம் அதற்கு மேலும் இரண்டு தரம் வந்தால் சீனி வருத்தம். இடையில் நிற்கிறவர்கள்தான் நான் தேடுகிற ஆட்கள், ஏனென்றால் அவர்களில் பலரைத் திருப்பிக் கொண்டுவரலாம்.

எப்படி? சோற்றை விடச் சொல்ல நான் வரவில்லை. நெல் விளைகிற ஊரில் வந்து அப்படிச் சொன்னால் நீங்கள் கதிரையைத் தூக்கி எறிவீர்கள், எறியவும் வேண்டும். கோப்பையில் சோறு மலையாகவும் கறி ஓரத்திலும் இருப்பதைத் திருப்பிப் போடுங்கள். பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும், மீன் ஒரு துண்டு, மிச்சத்துக்குச் சோறு. சாப்பிட்டவுடன் கட்டிலில் சாயாமல் பதினைந்து நிமிடம் நடவுங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே தனக்கென்று ஒரு வக்கடையைத் திறந்துகொள்ளும். இது இலவசம், டப்பா தேவையில்லை.

யானைக் காவலுக்குப் பரணில் இரவிரவாக விழித்திருக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஓம், நிறையப் பேர். அடுத்த நாள் உங்களுக்குச் சீனி போட்ட பிளேன்டீயும் பணிஸும் எவ்வளவு தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது நாக்கின் குற்றம் அல்ல. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்புகிற கிரெலின் கூடும், போதும் என்று சொல்கிற லெப்டின் குறையும், இன்சுலினுக்கும் உடம்பு சரியாகக் காது கொடுக்காது. கோர்ட்டிசோல் என்று இன்னொன்று. அது விடியப்புறம் ஏறி ஆளை எழுப்பும், நடுச்சாமத்தில் ஆகக் குறைந்திருக்கும். நித்திரைக்கு ஆளைத் தயார்ப்படுத்துகிற மெலற்றோனின் இருட்டில்தான் வரும். நீங்கள் யானைக்காக விழித்தாலும் போனுக்காக விழித்தாலும் இந்த நேரக்கணக்கு குழம்பும். யானையைத் தடுக்க என்னிடம் மருந்து இல்லை. காவலை முறை வைத்து மாற்றுங்கள், பகலில் இருட்டான அறையில் நித்திரை கொள்ளுங்கள் என்றுதான் சொல்லமுடியும். போனுக்கு மட்டும் மருந்து உண்டு, அடுத்த அறையில் வையுங்கள்.

நாற்பத்தைந்து தாண்டிய அம்மாமாருக்கு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வேர்த்தால் எல்லோருக்கும் வேர்க்கும். மாரி மழையில், ஜன்னல் திறந்திருக்க, உங்களுக்கு மட்டும் நெஞ்சிலிருந்து முகத்துக்கு நெருப்பு ஏறுகிறது என்றால் அது ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோன் ஏறி இறங்குவது. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்பே தொடங்கும், சிலருக்கு ஏழெட்டு வருடம் நீளும். நித்திரை கெடும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டில் உள்ளவர்கள் "அம்மாக்கு இப்ப வாய் கூடிப்போச்சு" என்பார்கள். ஐயாமாரே, அது வாய் அல்ல. அளவுக்கு மீறினால் வைத்தியம் உண்டு, ஓமோன் மருந்தும் உண்டு. யாருக்குப் பொருந்தும், யாருக்குக் கூடாது என்பதை டொக்டர் பார்க்கவேண்டும். ஈஸ்திரஜன் போன பிறகு எலும்பு வேகமாக மெலியும், ஆகவே நடையை விடாதீர்கள். ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: பன்னிரண்டு மாதம் முழுவதும் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் 'திரும்ப வந்திட்டுது' என்று இருக்கவேண்டாம். அந்தக் கிழமையே காட்டுங்கள்.

ஐயாமாருடைய ஓமோனான டெஸ்டோஸ்டெரோனும் வயதோடு குறையும், ஆனால் மெதுவாக. வயிறு பெருத்தால் வேகமாகக் குறையும், கொழுப்பு அதைப் பிடித்து ஈஸ்திரஜனாக மாற்றும். இதை வெளியில் கேட்க வெட்கம் என்றால் இரத்தப் பரிசோதனையைக் காலையில் செய்யுங்கள் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள், காலையில்தான் அதன் அளவு உச்சத்தில் இருக்கும்.

கோபப்பட்டுச் சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. மூட்டு வலிக்கென்று கடதாசியில் மடித்துக் கொடுக்கிற பெயரில்லாத குளிசை. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், "கைராசிக்காரர்" என்று ஊரே புகழும். சில மாதத்தில் முகம் நிலவு போல வட்டமாகும், தொட்ட இடமெல்லாம் கண்டிப்போகும், சீனி ஏறும். பல தரம் அது ஸ்டெரொயிட், கோர்ட்டிசோலின் தம்பி. ஆஸ்துமாவுக்கும் வேறு வருத்தங்களுக்கும் கணக்காகக் கொடுத்தால் உயிர் காக்கிற மருந்துதான் அது. கணக்கில்லாமல் வெளியிலிருந்து தண்ணீர் வந்தபடி இருந்தால் விதானை என்ன செய்வார்? மதகைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். வாய்க்கால் புல் மூடிப்போகும். இப்போது நான் பேசியதைக் கேட்டுப் பயந்து நாளைக்கே அந்தக் குளிசையை எறிந்தீர்களோ, வெளித்தண்ணீரும் இல்லை, சொந்தத் தண்ணீரும் இல்லை. வாந்தி வரும், பிரஷர் விழும், மயங்கி விழுவீர்கள். ஆகவே எறியாமல் அந்தக் கடதாசிச் சுருளோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், படிப்படியாகக் குறைப்போம். ஏசமாட்டோம். ஜிம்மில் ஊசி போடுகிற தம்பிமாருக்கும் இதே கதைதான். கை பருக்கும், விதானை மதகைப் பூட்டுவார், கலியாணம் முடித்துப் பிள்ளை இல்லை என்று வரும்போது விந்தணுக்கள் இல்லாத ரிப்போட் கையில் இருக்கும்.

முப்பத்தைந்து தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரியில் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர்' என்று போர்ட் போட்ட அறைக்குப் போங்கள். சீனி, பிரஷர், எடை எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். காய்ச்சலும் இருமலும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போகும்போது வீட்டில் போடுகிற எல்லாக் குளிசையையும், தூளையும், எண்ணெயையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

வாசலில் பிடித்த அம்மா முன்வரிசையில் கையைத் தூக்குகிறார். மாமிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார். விடியக்காலம் தைரொட்சின் மட்டும், இரும்பு பத்தரை மணிக்கு, கல்சியம் இராச்சாப்பாட்டோடு என்று மாற்றினோம். எட்டாம் கிழமை டி.எஸ்.எச். இறங்கி வந்தது, ஏற்றிவைத்த அளவையும் குறைக்கவேண்டியதாயிற்று. இப்போது கோயிலுக்கு நடந்து போகிறார். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. அதுவும் ஓமோன்தானே மகன் என்று கேட்டார். இல்லை மாமி, அது முழங்கால்.