பழைய பேரிங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜை மேல் அடுக்கி வைத்திருப்பது எல்லாமே கெட்டுப்போய்க் கழற்றிய பேரிங்குகள். ஒன்று தண்ணீர் பம்பில் இருந்தது, இரண்டு பைக் சக்கரத்தில் இருந்தவை, இது ஒரு மாவு மில் மோட்டாரில் இருந்தது, அந்தப் பெரியது ஒரு காரின் ஹப்பில் இருந்து பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்தது. எந்தக் கம்பெனி பேரிங் வாங்கலாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கும் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் பழையது எதனால் போனது என்று பார்த்தே ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் எவ்வளவு விலை கொடுத்துப் புதிதாகப் போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

முதலில் பம்ப். கோயம்புத்தூரில் பம்ப் இல்லாத பட்டறை கிடையாது, எங்களுக்கு வருவதில் பாதி, மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் இருக்கிற மோனோபிளாக் பம்ப்தான். இது ஒன் எச்பி, சத்தம் வருகிறது என்று பேரிங்கை மாற்றி, கொஞ்ச நாளில் மறுபடி சத்தம் வந்து, மறுபடி மாற்றி, கடைசியில் "மோட்டாரே சரியில்லை, புதிதாக வாங்கிவிடலாம்" என்ற முடிவோடு வந்த கேஸ். சைடில் இருக்கும் இந்த ரப்பர் சீலை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கிறேன், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், உள்ளே பாருங்கள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக ஒரு சேறு. குண்டுகளின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு. இது தண்ணீர் போனதற்கான அடையாளம், வேறு யோசனையே வேண்டாம். பேரிங்குக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லருக்குப் பின்னால் இருக்கிற மெக்கானிக்கல் சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாக ஷாஃப்ட் வழியாகவே மோட்டார் பக்கம் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தெறிக்கவிடுவதற்கென்று ஷாஃப்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், முன்பு யாரோ கழற்றியபோது அதைத் திருப்பிப் போடவே இல்லை. அந்த வளையமும் மெக்கானிக்கல் சீலும் போட்டதும் பம்ப் சரியாகிவிட்டது. பேரிங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை அலட்சியமாக விட்டால் பேரிங்கோடு நிற்காது. சின்ன மோட்டாரில் சுற்றுகிற ரோட்டாருக்கும் சுற்றாமல் நிற்கிற ஸ்டேட்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட வராது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆட ஆரம்பித்தால் ரோட்டார் போய் ஸ்டேட்டரில் உரசும், அப்புறம் காயில் எரியும், வைண்டிங் செலவு தனி. வைண்டிங் எரிந்து வரும் மோட்டார்களில் முதலில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது அதனால்தான்.

சரி, நம்பருக்கு வருவோம். இதன் ஓரத்தில் 6203 என்று இருக்கிறது. முதல் 6 என்றால் டீப் குரூவ் பால் பேரிங், அடுத்த 2 அதன் சீரிஸ், கடைசி இரண்டு இலக்கம் உள்ளே இருக்கிற துளை. 00 என்றால் 10 மில்லி, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. அதற்கு மேல் 04-ல் இருந்து கணக்கு சுலபம், 5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 6204-க்கு 20 மில்லி, 6205-க்கு 25. 6203-க்கு வெளி விட்டம் 40, அகலம் 12. அதே 17 மில்லி ஷாஃப்டுக்கு 6303-ம் உண்டு, வெளி விட்டம் 47, அகலம் 14, அதிக லோடு தாங்கும். ஆனால் பேரிங் உட்காருகிற ஹவுசிங்கில் அந்த இடம் வேண்டுமே.

எல்லோரும் கோட்டை விடுவது நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். தகடு தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது, ஏனென்றால் அது உள் ரேஸை, அதாவது பேரிங்கின் உள் வளையத்தை, தொடுவதே இல்லை, மெல்லிய இடைவெளி இருக்கும். ரப்பர் சீல் உரசிக்கொண்டே நிற்கும், அதனால் கொஞ்சம் இழுவை, கொஞ்சம் சூடு, வேக வரம்பும் குறைவு. ஆனாலும் நிமிடத்துக்கு 2880 சுற்று சுற்றுகிற பம்ப் மோட்டாருக்கு 6203 அளவில் அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. பம்ப், கிரைண்டர், பைக் சக்கரம் மாதிரி தண்ணீர் படுகிற இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு 2ஆர்எஸ் என்பேன்.

அப்புறம் சி3. இதைத் தரத்துக்கான குறி என்று நினைத்துக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே குண்டுக்கும் ரேஸுக்கும் இருக்கிற இடைவெளியின் அளவு, அவ்வளவுதான். 6203-ல் சாதாரணமாக 3 முதல் 18 மைக்ரான் வரை இருக்கும், சி3 என்றால் 11 முதல் 25. மோட்டார் ஓடும்போது ரோட்டார் பக்கம் சூடாகி உள் ரேஸ் விரியும், ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றியதிலும் கொஞ்சம் விரிந்திருக்கும், அதற்கு இடம் கொடுப்பதற்குத்தான் சி3. பழையதில் சி3 என்று இருந்தால் சி3 போடுங்கள், இல்லையென்றால் போட வேண்டாம். மிஷின் செய்தவர் அதை யோசித்துத்தான் போட்டிருப்பார்.

இப்போது இந்த இன்னொன்று. வெட்டித்தான் வைத்திருக்கிறேன், வெளி ரேஸ் இரண்டு துண்டு. வீட்டில் யாரும் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்காதீர்கள், இதெல்லாம் நன்றாகக் கடினப்படுத்திய ஸ்டீல், நம் ஊரில் இஎன்31 என்று சொல்வது, அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிங் வீலில் அறுத்ததுதான் இது. குண்டு ஓடிய தடத்தைப் பாருங்கள், லேசாகச் சாய்த்தால் வெளிச்சத்தில் தெரியும், சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் உள்ள தூரம் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் உள்ள தூரமேதான். அப்படியென்றால் இந்தக் குழி சுற்றும்போது விழுந்தது கிடையாது, நின்றுகொண்டிருந்தபோது விழுந்தது. ஷாஃப்டில் ஏற்றும்போது வெளி ரேஸில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாக உள் ரேஸுக்குப் போயிருக்கிறது. புத்தம் புது பேரிங், ஒரு சுற்றுகூடச் சுற்றுவதற்கு முன்பே முடிந்தது கதை.

எந்த ரேஸ் இறுக்கமோ அந்த ரேஸில் மட்டும் அழுத்துங்கள். ஷாஃப்டில் இறுக்கம் என்றால் உள் ரேஸில் மட்டும் உட்காருகிற ஒரு பைப் துண்டு, ஹவுசிங்கில் இறுக்கம் என்றால் வெளி ரேஸின் அளவுக்கு ஒரு தடித்த வாஷர். முடிந்தால் பிரஸ். கொஞ்சம் பெரிய பேரிங் என்றால் சூடாக்கி ஏற்றலாம், 110 டிகிரி போதும், சீல் போட்டதை 80 டிகிரிக்கு மேல் கொண்டு போகக் கூடாது, உள்ளே கிரீஸ் இருக்கிறது. கேஸ் டார்ச்சை நேராகக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஒரு பக்கம் நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறினால் சென்டர் பஞ்ச் வைத்துச் சுற்றிலும் புள்ளி குத்துகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மேடுகள் கொஞ்ச நாளில் நசுங்கிவிடும், உள் ரேஸ் மறுபடி ஷாஃப்டில் சுற்ற ஆரம்பிக்கும். லேத்தில் கொடுத்து மெட்டல் ஏற்றிக் கடையச் சொல்லுங்கள். தேய்மானம் ரொம்பக் குறைவு என்றால் அதற்கென்றே ரிட்டெயினிங் காம்பவுண்ட் என்று ஒரு பசை இருக்கிறது, அதுவே பிடித்துக்கொள்ளும்.

பைக் சக்கரத்துக்கு வருகிறேன், இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்தும். மெயின் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், டக் டக் என்று ஆட்டம் கையில் தெரிந்தால் போய்விட்டது. ஆட்டம் இல்லாவிட்டாலும் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றும்போது உள் ரேஸில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், நரநரவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நில்லுங்கள், ஏனென்றால் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்புக்குள் ஒரு குழாய் இருக்கும், ஸ்பேசர். பார்க்கச் சாதாரண இரும்புக் குழாய்தான், ஆனால் ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கம் முழுவதும் ஒரு உள் ரேஸில் இருந்து ஸ்பேசர் வழியாக அடுத்த உள் ரேஸுக்குப் போக வேண்டும். அதைப் போடாமல் விட்டாலோ, முனை தேய்ந்து நீளம் குறைந்திருந்தாலோ, நட்டை முறுக்க முறுக்க இரண்டு உள் ரேஸும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும், குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். கழற்றினால் தடம் ரேஸின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஓடியிருக்கும், இதோ இதில் இருக்கிற மாதிரி. போடும் முறை இதுதான்: ஒரு பக்கத்தை முழுக்க இறக்கு, ஸ்பேசரைப் போடு, மறுபக்கத்தை உள் ரேஸ் ஸ்பேசரைத் தொடும் வரை இறக்கு, அதற்கு மேல் தட்டாதே. வாட்டர் சர்வீஸில் ஜெட்டை ஹப்புக்கு நேராகப் பிடிக்கவும் விடாதீர்கள், எந்த ரப்பர் சீலும் அந்த அழுத்தத்துக்குச் செய்தது கிடையாது.

மில் மோட்டாரில் கெட்டது பெல்ட் பக்கத்து பேரிங். பெல்ட் நழுவுகிறது என்று மேலும் மேலும் இறுக்கியிருக்கிறார்கள். பால் பேரிங்கின் ஆயுள் லோடின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும், அதாவது லோடு இரண்டு மடங்கு ஆனால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். எட்டு வருடம் ஓட வேண்டியது ஒரே வருடத்தில் நிற்கும். நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடுகிற மோட்டாரில் 10 லட்சம் சுற்று ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெல்ட் நழுவினால் புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் அடியில் போய்த் தொடுகிறதா என்று பாருங்கள். இப்போது நிறைய மில்களில் எலக்ட்ரானிக் டிரைவ் போட்டு வேகத்தை மாற்றுகிறார்கள், அந்த மோட்டார்களில் ஷாஃப்ட் வழியாக மின்சாரம் பேரிங்குக்குள் பாய்ந்து ரேஸில் வரிவரியாகக் கோடு விழும். அப்படி ஒன்றைப் பார்த்தால் எர்த்திங்கைச் சரிபாருங்கள், ஷாஃப்டுக்கு எர்த் பிரஷ்ஷோ இன்சுலேட்டட் பேரிங்கோ போட வேண்டும், கிரீஸை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

காரணத்தைத் தேடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் ஸ்வென் விங்க்விஸ்ட். ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் ஒரு துணி மில்லில் இன்ஜினியர். மில் நின்றது களிமண் தரையில், கட்டடம் மெல்ல அசையும், நீளமான ஷாஃப்டுகள் நேர்கோட்டை விட்டு விலகும், பேரிங் போய்க்கொண்டே இருக்கும். தரையை நகர்த்த முடியாது, அதனால் ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தானே திரும்பிக்கொடுக்கிற இரண்டு வரிசைக் குண்டு பேரிங்கை அவர் செய்தார். அதில் இருந்துதான் 1907-ல் எஸ்கேஎஃப் பேரிங் கம்பெனி தொடங்கியது. மில்லுக்குப் பேர்போன ஊரில் இருக்கிற நமக்கு இந்தக் கதை ஒட்டும்.

காரில் ஹம் என்று ஒரு சத்தம் வேகத்தோடு ஏறினால், ஆளில்லாத ரோட்டில் லேசாக இடதும் வலதுமாக ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். இடது பக்கம் திரும்பும்போது எடை வலது பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது சக்கர பேரிங். ஏபிஎஸ் இருக்கிற பல கார்களில் பேரிங் சீலிலேயே காந்த வளையம் இருக்கும், பக்கம் மாற்றிப் போட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், எனவே எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று பிரஸ் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கிரீஸில் ஒரே ஒரு விஷயம்: அதிகம் கூடாது. திறந்த பேரிங்கில் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை போதும். முழுக்க அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்து கடைந்து சூடேறும். மறு கிரீஸுக்கு வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லியில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும், 6205-க்கு 52 பெருக்கல் 15, நாலு கிராம்கூட இல்லை. லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா என்கிற வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள், சில சமயம் இளகித் தண்ணீராக ஓடிவிடும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே கிரீஸுக்கு மாற்று இல்லை, இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும்.

வாங்கும் இடம். எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி, என்எஸ்கே, டிம்கன், எது உங்கள் ஊரில் ஒழுங்காகக் கிடைக்கிறதோ அது போதும், பிராண்டுக்குள் சண்டை வேண்டாம். போலியை மட்டும் தவிர்க்க வேண்டும். பழையதைப் பாலிஷ் போட்டுப் புது டப்பாவில் விற்பதும் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், எஸ்கேஎஃப்புக்குச் சரிபார்க்கும் ஆப்பும் இருக்கிறது. வழக்கமான விலையில் பாதிக்கு ஒருவர் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். வாங்கியதைப் போடும் வரை டப்பாவைப் பிரிக்க வேண்டாம், கை ஈரம் பட்டால்கூடத் துரு பிடிக்கும்.

போட்டு முடித்ததும் லோடு இல்லாமல் ஓடவிட்டு எண்ட் கவரில் கை வையுங்கள். புது கிரீஸ் பரவும் வரை கொஞ்சம் சூடேறும், பிறகு இறங்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையைக் கவரில் வைத்துப் பிடியில் காதை வைத்தால் சீரான ஒரு இரைச்சல்தான் கேட்க வேண்டும், சுழலும் எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். அப்புறம் பழையதை ஒரு கவரில் போட்டு மிஷின் பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் சீலைக் கழற்றி, தடம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். டிராக்டர் முன்சக்கரத்து டேப்பர் ரோலரை எவ்வளவு முறுக்கி எவ்வளவு தளர்த்துவது என்பது தனியாகவே ஒரு வீடியோ வேண்டும், அடுத்தது அதுதான்.