சட்டத்துக்கு அடியில் உள்ள கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். சட்டத்தையும் நீதியையும் மையமாகக் கொண்டு பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பவர்கள் என்ன கற்கிறார்கள் என்பதை, நம் காவிரியை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம், 2007 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என இறுதித் தீர்ப்பளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியது, அதில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டு டெல்டாவில் உள்ள நிலத்தடி நீரைக் கணக்கிட்டும், 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரின் தேவைக்காகவும் தரப்பட்டது. இந்த எண்களையும் அவற்றுக்கு ஆதாரமான ஒப்பந்தங்களையும் சட்ட மாணவர் கற்கிறார். தலைமுறை தலைமுறையாகக் குறுவையும் சம்பாவும் விளைவித்தவருக்கு அந்த நீண்ட அனுபோகமே உரிமையாகிவிடுமா, பிந்திப் பாசனம் தொடங்கியவரின் தேவை அதற்குத் தாழ்ந்ததா, நகரத்தின் தாகம் கடைமடையின் பயிரை முந்துமா என்று மெய்யியல் மாணவர் கேட்கிறார். பங்கிடும் நீதி வேறு, இழப்பைச் சரிசெய்யும் நீதி வேறு என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். யாருக்கு எவ்வளவு என்பது முதல் வகை. தர வேண்டிய நீர் வராமல் பயிர் கருகியதற்கு ஈடு கேட்பது இரண்டாம் வகை. நம் மேடைகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் வாதம் வலுவிழக்கிறது என்பது என் கருத்து.

மேல்மடையை நோக்கி நீதி கேட்கும் நாம், நம் வயலுக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். விளைச்சலில் பங்கு தந்து பயிரிட்ட வாரதாரரையும், நிலக்கிழாரிடம் உழைத்த பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்றுவதற்குத் தஞ்சை மாவட்டத்தில் 1952இல்தான் சட்டம் தடை போட்டது. அதற்கு முந்திய நாள் வரை, காலங்காலமாக உழைத்த ஒரு குடும்பத்தை ஒரே சொல்லில் விலக்கியது சட்டமீறல் அன்று. ஆனால் அது அநீதி இல்லை என்று எவரால் சொல்ல முடியும்? சட்டம் எது என்பதும் அது நல்லதா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்றார் ஆக்ஸ்ஃபோர்டின் சட்ட மெய்யியலாளர் எச்.எல்.ஏ. ஹார்ட். அறத்தின் சாயலே இல்லாத ஆணையைச் சட்டம் என்று அழைக்கலாகாது என்போரும் உண்டு. நான் ஹார்ட்டின் பக்கமே சாய்கிறேன். அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், நடப்பில் உள்ள சட்டத்தைப் பார்த்து ‘இது சட்டம்தான், ஆயினும் தவறு’ என்று துணிந்து சொல்ல இடம் கிடைக்கிறது.

வேலை பற்றிய பெற்றோரின் கவலை நியாயமானது. மெய்யியலில் இளங்கலை முடித்தவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆசிரியப் பணிக்கும் ஆட்சிப் பணித் தேர்வுகளுக்கும் செல்லலாம். சேர நினைக்கும் மாணவர்கள், 2018ஆம் ஆண்டுக் காவிரித் தீர்ப்பில் நிலத்தடி நீர் பற்றிய பகுதியை முதலில் வாசித்து, அந்தக் காரணம் தங்களுக்கு ஏற்புடையதா என்று எழுதிப் பார்க்கட்டும்.