பொருத்திய வளைகோட்டின் கூறுகளைத் தனித்தனியே வரைவது எப்படி? க்னூபிளாட்டில் ஒரு ராமன் நிறமாலை

[திரையில்: புள்ளிகளாக அளவீடு, அதன் மேல் ஒரே சிவப்பு வளைகோடு]

வணக்கம். ஒழுங்கு குலைந்த கார்பனின் ராமன் நிறமாலை இது, அதாவது பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் ஆற்றல் மாற்றத்தைக் காட்டும் வரைபடம். புள்ளிகள் மேல் ஓடும் சிவப்பு வளைகோடு, வரைபட மென்பொருளான க்னூபிளாட்டில் அளவீட்டுக்குப் பொருத்திய மொத்த வளைகோடு. ஏறத்தாழ 1350 நேர்மாறு சென்டிமீட்டரில் (cm⁻¹) தெரியும் டி முகடு கட்டமைப்புக் குறைபாடுகளால் எழுவது. 1580-ஐ ஒட்டிய ஜி முகடு கார்பன் பிணைப்புகளின் அதிர்விலிருந்து வருவது. இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு பொருளின் ஒழுங்கை மதிப்பிடுகிறார்கள். ஆனால் சிவப்பு வளைகோட்டில் 1350-க்கு நேரே உயரத்தைப் படித்தால், அதில் பின்னணியும் ஜி முகட்டின் வாலும் கலந்தே இருக்கும். அரை உயரத்தில் 100 அலகு அகலமுள்ள லோரென்ட்ஸ் வளைகோடு (இத்தகைய முகடுகளுக்குப் பயன்படும், நீண்ட வால் கொண்ட வடிவம்), உச்சியிலிருந்து 230 அலகு விலகிய பின்னும் தன் உயரத்தில் சுமார் 4.5 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்கும். கூறுகளைப் பிரித்து வரைந்தால்தான் இந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரியும்.

[திரையில்: கட்டளைக் கோப்பு]

வேலை பொருத்தத்துக்கு முன்பே தொடங்குகிறது. முழு மாதிரியையும் ஒரே நீண்ட சமன்பாடாக எழுதாமல், டி முகட்டுக்கு ஒரு சார்பு, ஜி முகட்டுக்கு ஒரு சார்பு, பின்னணி நேர்கோட்டுக்கு ஒரு சார்பு என வரையறுத்து, மூன்றின் கூட்டலை நான்காவது சார்பாக வையுங்கள். பொருத்த வேண்டியது அந்த நான்காவதை மட்டுமே. முகட்டுக்கு உயரம், மையம், அகலம் என மூன்றும் பின்னணிக்கு இரண்டுமாக மொத்தம் எட்டு அளபுருக்கள், அதாவது பொருத்தம் கண்டறிய வேண்டிய எண்கள். எல்லாவற்றுக்கும் தொடக்க மதிப்பு கொடுங்கள். கொடுக்காமல் விட்டதை க்னூபிளாட் 1 என எடுத்துக்கொள்ளும். மையம் 1-இல் தொடங்கினால் கணக்கீடு 1350-ஐச் சென்று சேர்வது அரிது.

பொருத்தம் முடிந்ததும் அதே மாறிகளில் புதிய மதிப்புகள் அமர்ந்துவிடுகின்றன. ஆகவே மீண்டும் எதையும் பொருத்த வேண்டாம். வரையும் கட்டளையில் அளவீட்டுக்குப் பின் நான்கு சார்புகளின் பெயர்களையும் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். பதிவுக் கோப்பிலிருந்து எண்களைக் கையால் எடுத்து எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அடுத்த முறை பொருத்தத்தைத் திருத்தும்போது கூறுகள் பழைய எண்களிலேயே நின்றுவிடும்.

[திரையில்: படத்தின் அடியில் கிடக்கும் இரு முகடுகள், பிறகு அவை மேலேறி அளவீட்டுடன் சேர்கின்றன]

முகடுகள் படத்தின் அடியில் கிடப்பதைப் பாருங்கள். தவறு ஏதும் இல்லை. அவை பூச்சியத்திலிருந்து எழுகின்றன, அளவீடோ பின்னணியின் மேல் நிற்கிறது. வரையும்போது மட்டும் ஒவ்வொரு முகட்டுடனும் பின்னணிச் சார்பைக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டியதைப் படக்குறிப்பில் கட்டாயம் சொல்லுங்கள். இல்லையெனில் படிப்பவர் அந்த உயரத்தையே முகட்டின் உயரமாகக் கொள்வார்.

க்னூபிளாட் இயல்பாக 100 புள்ளிகளில்தான் சார்பை வரைகிறது. குறுகிய முகடுகள் கோணலாகத் தெரிந்தால் அதை 1000 ஆக்குங்கள்.

[திரையில்: கீழே தனிக் கட்டத்தில் எச்சம்]

அளவீட்டிலிருந்து மொத்த வளைகோட்டைக் கழித்த எச்சத்தையும் கீழே வரையுங்கள். இரு முகடுகளுக்கு இடையே, 1500 அருகில், எச்சம் தொடர்ந்து மேலெழுந்தால் படிக ஒழுங்கற்ற கார்பனுக்குரிய மூன்றாவது முகடு ஒன்று தேவைப்படலாம். சேர்ப்பது எளிது: ஒரு சார்பு, மூன்று அளபுருக்கள், வரையும் கட்டளையில் இன்னொரு பெயர். சேர்த்த பின், பொருத்தத்தின் முடிவில் அச்சாகும் தொடர்பு அணியைப் பாருங்கள்; அளபுருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைந்துள்ளன என்பதைக் காட்டும் அட்டவணை அது. புதிய முகட்டின் உயரம் பழையவற்றின் அகலத்தோடு 1-ஐ நெருங்கிய அளவில் பிணைந்திருந்தால், படத்தில் அந்தக் கூறு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், அதன் உயரத்தைத் தனி முடிவாக எழுதாதீர்கள்.