முப்பத்தோராம் நாள்

வணக்கம். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் அறியாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டீர்கள். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியவை என்று எங்கள் அப்பாச்சி சொல்லுவா. கதை கிடக்கட்டும். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அங்கே முழுகி அந்தியேட்டிக் கிரியை செய்வது நமது வழக்கம். கொரோனா வந்த 2020, 2021இல் எத்தனை வீடுகளில் அந்த நாள் கலண்டரில் மட்டும் வந்து போனது?

நான் தாதி. மாற்ற முடியாத நோயோடு இருப்பவர்களுக்குப் பக்கத்தில் கடைசிவரை இருப்பதுதான் என் வேலை. 1967இல் லண்டனில் ஹொஸ்பிஸ், அதாவது கடைசிக்கால நோயாளரைப் பராமரிக்கும் இல்லம், தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், சாகப் போகிறவரின் வலி உடம்போடு நிற்காது, மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்பார். உடம்பு வலிக்கு எங்களிடம் மோர்பின் இருந்தது. சிறிய அளவில் கொடுத்தால் மூச்சுத் திணறலுக்கும் கேட்கும். ('மோர்பின் குடுத்தா முடிஞ்சுது' என்ற பயம் ஊருக்குள் இன்னும் போகவில்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) மற்ற வலிகளுக்குத்தான் கையில் ஒன்றும் இல்லை. வாய்க்கரிசி போட ஆளில்லை, பந்தம் பிடிக்கப் பேரன் இல்லை.

ஒரு அம்மா. மகன் கட்டாரில். என் கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி அவவின் காதில் பிடித்தேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார். மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை. ஆனாலும் அம்மா 'ஓம்' என்று தலையாட்டினா. "ஓமாம் தம்பி" என்று நான் சொன்னேன்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரர்களின் துயரம் இதைவிடக் கொடிது. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரியில்தான் மாறியது. அப்போதும் சொந்த ஊர் மையவாடியில் இடம் கிடைக்கவில்லை, ஜனாஸாவை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான் கொண்டு போக வேண்டியிருந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நோய்க்குப் பயந்து செய்த பிழை என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இனியொரு தொற்று வந்தால், ஒவ்வொரு வாட்டிலும் குடும்பத்தோடு பேசுவதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். பாதுகாப்பு உடை போட்டு ஒரே ஒரு உறவையாவது உள்ளே விட வேண்டும். சாவோடு கோப்பை மூடிவிடக் கூடாது. எட்டாம் நாள் ஒரு அழைப்பு, முப்பத்தொன்றில் ஒன்று, ஆட்டைத் திவசத்துக்கு ஒன்று. அழட்டும், ஏசட்டும், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அந்தக் கட்டார்த் தம்பி 2022இல் வந்தார். ஐயர் திதி பார்த்துக் கொடுக்க, கன்னியாவுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றினார். நனைந்த வேட்டியோடு என்னிடம் வந்து, "மிஸ், அம்மா உண்மையாவே தலையாட்டினவவா?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி" என்றேன்.