ஊமைப் பெட்டிக்கு வாய் வந்த கதை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து நேராக இந்தச் சமூக மன்றத்துக்கு வந்து, பின்னால் பிரியாணி மணக்கிறது என்று தெரிந்தும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"நாம் பாட்டு ரசிக்கும் விதத்தைப் பெரிதும் மாற்றியவர் ஸ்டீவ் ஜாப்ஸா, சிம் வோங் ஹூவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, ஜாப்ஸின் ஆப்பிள் நிறுவனம் செய்த கையடக்கப் பாட்டுப் பெட்டியான ஐபாடைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே தழுதழுத்துவிட்டது. வெள்ளை நிறம், விரலால் சுற்றும் சக்கரம், சட்டைப் பைக்குள் 1,000 பாட்டு. கடைசியில் ஒரு போடு போட்டார்: "சிம் வோங் ஹூ யார் என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெயரே தெரியாதவர் நம்மை எப்படி மாற்றியிருக்க முடியும்?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தவர் பெயரும் எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் காலையில் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

சரி, தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1955-ல் பிறந்தவர். நம் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் கம்பத்துப் பையன், அதாவது கிராமத்துப் பையன், நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், மவுத் ஆர்கன் வாசிப்பார். 1981-ல் நண்பர் ஒருவரோடு சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சின்னக் கணினிக் கடை போட்டார், அதுதான் கிரியேட்டிவ். சீனம் பேசும் கணினி ஒன்றைச் செய்து 1986-ல் விற்கப் பார்த்தார், போணியாகவில்லை. 1988-ல் அமெரிக்கா போனார். 1989-ல் கணினிக்குள் மாட்டும் சவுண்ட் கார்டு, அதாவது ஒலி அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. 1992-ல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. அங்கே ஏறிய முதல் சிங்கப்பூர் நிறுவனம் அதுதான். 2023 ஜனவரி 4-ல், 67 வயதில் மறைந்தார்.

அந்தச் சவுண்ட் பிளாஸ்டர் என்ன செய்தது? அதற்கு முன் ஐபிஎம் வகை வீட்டுக் கணினிக்குத் தெரிந்த இசை ஒன்றே ஒன்று: 'பீப்'. தப்பு செய்தாலும் பீப், சரியாகச் செய்தாலும் பீப். ஆட்லிப் என்று கனடாவிலிருந்து ஓர் அட்டை முன்னமே வந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். அது விளையாட்டுக்குப் பின்னணி இசை வாசிக்கும், ஆனால் மனிதக் குரலுக்கு லாயக்கில்லை. சிம் என்ன செய்தார் என்றால், ஆட்லிப்புக்காக எழுதிய இசை அப்படியே தன் அட்டையிலும் வாசிக்கும்படி வைத்தார். குரல் வெளியே வரவும் வழி வைத்தார், உள்ளே போகவும் வழி வைத்தார். போதாததற்கு விளையாட்டுக் கைப்பிடியான ஜாய்ஸ்டிக் மாட்ட ஒரு வாயும் வைத்துவிட்டார். மூன்று சாமான், ஒரே அட்டை. சைனாடவுனில் கடை வைத்தவருக்கு வியாபாரம் சொல்லித்தர வேண்டுமா?

எங்கள் ஈசூன் வீட்டுக்கு அது வந்தது 1992-ல். அண்ணன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், மிச்சம் பிடித்த காசு, சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியில் பேரம். கணினியின் மூடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டான். அம்மா தட்டை எங்கே வைப்பது என்று கேட்டார், பதில் இல்லை. அட்டையில் ஜம்பர் என்று அரிசி மணி அளவில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதை எந்தக் கம்பியில் மாட்டுகிறோமோ, அந்த எண் அட்டைக்கு. பிரிண்டருக்கும் இதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒரே உறையில் இரண்டு கத்தி. பாட்டு திக்கும், இல்லாவிட்டால் வீடே நிசப்தமாக இருக்கும். அப்புறம் கணினிக்கு ஒரு மந்திரம் எழுத வேண்டும்: 'செட் பிளாஸ்டர், ஏ220 ஐ5 டி1'. தமிழாசிரியரான நடுவர் மன்னிக்க வேண்டும், எனக்குச் சில குறள்கள் மறந்துபோய்விட்டன. இந்த வரி மறக்கவில்லை.

அட்டையோடு ஒரு கிளி வந்தது. திரையில் உட்கார்ந்திருக்கும்; மைக்கில் நாம் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும். அண்ணன் அப்பாயியைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தான். அப்பாயி கிளியை உற்றுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். கிளி, "சாப்பிட்டியா?" என்றது. "நான் கேட்டா பதில் சொல்லாம என்னையே கேக்குது பாரு, ஒங்கப்பன் மாதிரியே" என்றார் அப்பாயி. அதையும் கிளி சொன்னது. அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அத்தோடு விடவில்லை. அண்ணன் அவரை ஒரு நடவுப் பாட்டு பாடச் சொல்லிப் பதிவு செய்தான். அப்போது மட்டமான தரத்தில் பதிந்தால்தான் ஒரு ஃபிளாப்பியில் இரண்டு நிமிடம் நிற்கும். அப்பாயி ஊரில் ஒரு வயல் நட்டு முடிக்கும்வரை பாடிய பாட்டு அது. இரண்டு நிமிடத்தில் நாற்றுக்கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. போட்டுக் காட்டினான். மின்விசிறிச் சத்தம் பாதி, பாட்டு பாதி. கேட்டுக்கொண்டே இருந்தவர் கையை நீட்டினார்: "மைக்கக் குடு. சுதி எறங்குது. திருப்பிப் பாடுறேன்."

ஐந்து தடவை பாடினார் ஐயா! தமிழ் வானொலியில் அடுத்தவர் பாடுவதைக் கேட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், முதல்முறையாகத் தன் பாட்டை வெளியிலிருந்து கேட்டார், குறை கண்டார், திருத்தினார். ஐபாட் வந்தபோது அதில் மைக்கே கிடையாது. என் அப்பாயியிடம் அதைக் கொடுத்திருந்தால், 1,000 பாட்டையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்.

சிம் வோங் ஹூ நம் ஊர்க் குணம் ஒன்றுக்குப் பெயர் வைத்தார். இங்கே பலகை வைத்து அனுமதித்தால்தான் வண்டியை யூ-டர்ன் அடிக்கலாம். அமெரிக்காவில் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் அடிக்கலாம். எழுதியிருந்தால்தான் செய்வோம் என்று நிற்கிற நம் பழக்கத்துக்கு 'நோ யூ-டர்ன் சிண்ட்ரோம்' என்றார், சுருக்கினால் நட்ஸ். பாட்டும் அதுவரை பெரும்பாலும் ஒருவழிச் சாலைதான். வானொலியிலிருந்து நம் காதுக்கு, கேசட்டிலிருந்து நம் காதுக்கு. அந்த அட்டையின் மைக் துளையில்தான் எங்கள் வீட்டுப் பாட்டு யூ-டர்ன் அடித்தது. ஜாய்ஸ்டிக் வாயிலேயே இன்னொரு வயரை மாட்டினால் இசைக் கீபோர்டும் இணையும். இன்று வீவக அடுக்குமாடி வீட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, மைக்குக்குக் காலுறை மாட்டி, சொந்தப் பாட்டைப் பதிவு செய்கிற நம் பிள்ளைகள் போகிற பாதை அதுதான்.

"இப்போது யார் சவுண்ட் கார்டு வாங்குகிறார்கள்?" என்றும் கேட்டார்கள். வாங்கத் தேவையில்லை. கணினியின் மூலப் பலகையான மதர்போர்டிலேயே கரைந்துவிட்டது. குழம்பில் உப்பைத் தேடி எடுத்துக் காட்டு என்றால் எப்படி?

கடைசியாக, தம்பி கேலி செய்த அந்த 'தோசைக்கல்'. கிரியேட்டிவின் கையடக்கப் பாட்டுப் பெட்டி நோமட் ஜூக்பாக்ஸ், 2000-ல் வந்தது. கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். பையில் போட்டால் கால்சட்டை இறங்கும், பாட்டு ஏற்றுவதற்குள் காப்பிக்கடைக்குப் போய் வந்துவிடலாம். அழகில் ஐபாட் அம்பு விட்டது, இது கல்லெறிந்தது. ஆனால் 6 ஜிபி ஹார்டு டிஸ்க்கோடு அது கடைக்கு வந்து ஓராண்டு கழித்து, 2001 அக்டோபரில்தான் 5 ஜிபி ஐபாட் அறிமுகமானது. பாடகரைத் தட்டினால் ஆல்பம், ஆல்பத்தைத் தட்டினால் பாட்டு என்று படிப்படியாக இறங்குகிறோமே, அந்த முறைக்கு 2005-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது கிரியேட்டிவ். சிம் 2004-ல் ஐபாட் மீது போர் என்று அறிவித்து, விளம்பரத்துக்கே 100 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்கினார். சந்தையில் தோற்றார். 2006-ல் காப்புரிமை வழக்கு சமரசமாகி ஆப்பிள் அவர் நிறுவனத்துக்குக் கொடுத்த தொகை எவ்வளவு தெரியுமா? அதே 100 மில்லியன். சமரசம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் தோசைக்கல்லுக்கு யாராவது அவ்வளவு கொடுப்பார்களா என்று தம்பியே சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். அங்கே பாருங்கள், எதிரணித் தலைவர் என் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருக்கிறார், மறுத்துப் பேசுவதற்கு. செய்யுங்கள் அண்ணே, தாராளமாகச் செய்யுங்கள். கேட்க மட்டும் செய்கிற அணியே யூ-டர்ன் அடித்துவிட்டது. வணக்கம்.