போனில் ஆயிரம் நம்பர், நண்பர்கள் எத்தனை பேர்?

[திரையில்: ஒகேனக்கல், பரிசல் துறைக்குப் போகும் வழி. சுவர்மேல் இரண்டு குரங்குகள், ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது.]

ஒகேனக்கல் போனவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். நம் கையில் இருக்கும் தின்பண்டத்தைப் பிடுங்காத நேரத்தில் இந்தக் குரங்குகள் செய்யும் பெரிய வேலை, ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதுதான். அழுக்கு எடுப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. பேன் பார்க்கும்போது உடம்பில் எண்டார்ஃபின் என்ற இதம் தரும் ரசாயனம் சுரக்கிறது, மனசு தளர்கிறது, கூட்டத்தில் யாருக்கு யார் துணை என்பது இப்படி உட்கார்ந்த நேரத்தில்தான் முடிவாகிறது. சில குரங்கு இனங்கள் பகல் பொழுதில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கே கொடுக்கின்றன.

சரி, இதற்கும் நம் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

[திரையில்: மூளைப் படம், வெளிப்புற மடிப்புகள் மட்டும் நிறம் மாறுகின்றன.]

மூளையின் வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அதற்கு நியோகார்டெக்ஸ் என்று பெயர். 1992-ல் ராபின் டன்பார் என்ற பிரிட்டன் ஆராய்ச்சியாளர், முப்பதுக்கும் மேற்பட்ட குரங்கு வகைகளை எடுத்துக்கொண்டு, மூளையின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் நியோகார்டெக்ஸ் எத்தனை மடங்கு இருக்கிறது, அந்த இனம் சராசரியாக எத்தனை பேர் கொண்ட கூட்டமாக வாழ்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மடங்கு கூடக் கூட கூட்டமும் பெரிதாக இருந்தது. மனிதனுக்கு அது சுமார் 4 மடங்கு. அதே கணக்கை நீட்டினால் மனிதனுக்கு வருவது 148 பேர் கொண்ட கூட்டம், அதாவது ஒருவர் உறவு வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. இதைத்தான் 150 என்று சொல்லி, 'டன்பார் எண்' ஆக்கிவிட்டார்கள்.

மூளைக்கு எங்கே கஷ்டம் என்றால், ஆட்களின் பெயரை ஞாபகம் வைப்பதில் இல்லை. யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எவர் முன்னால் எதைப் பேசக்கூடாது, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 5 பேர் இருந்தால் அவர்களுக்குள் 10 ஜோடி. 50 பேர் என்றால் 1,225. 150 பேர் என்றால் 11,175 ஜோடி! ஆள் மூன்று மடங்கானால் உறவுகள் ஒன்பது மடங்காகின்றன.

[திரையில்: கல்யாண மண்டப வாசல், மொய் எழுதும் மேசை.]

2003-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு குடும்பம் யார் யாருக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறது, அந்த வீடுகளில் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். சராசரி 153.5. நம் பக்கம் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இதைச் செய்தால் மொய் நோட்டைத்தான் எடுக்க வேண்டும், அதில் பெயர்கள் இன்னும் எக்கச்சக்கமாக இருக்கும், ஏனென்றால் அதில் பாதி அப்பா காலத்துக் கணக்கு. அப்புறம் ஒரு விஷயம். இந்த 150-க்குள் சொந்தக்காரர்களும் அடக்கம். பெரிய குடும்பத்தில் இருப்பவர்களுக்கு நண்பர்கள் குறைவாக இருப்பதாக டன்பார் குழுவே கண்டிருக்கிறது. பங்காளி, மாமன், மச்சான் என்று நிறைந்த வீட்டில் பிறந்தவருக்கு 'எனக்கு ஃபிரண்ட்ஸே கம்மி' என்று வருத்தம் இருந்தால், அது அவர் குறையே இல்லை, இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

ஆனால் 150-ஐக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். டன்பார் கணக்கிலேயே அது 100-லிருந்து 231 வரை எங்கும் இருக்கலாம். 2021-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் புதிய தரவோடு திரும்பப் போட்டபோது ஒரு முறையில் சராசரி 69 முதல் 109 வரை வந்தது, இன்னொரு முறையில் 16 முதல் 42. அதுவும் நிச்சயமின்மையைச் சேர்த்தால் முதல் முறையின் கணக்கு 4-லிருந்து 520 வரை நீள்கிறது. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, 140-க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்துவிட்டு, மூளை அளவோடு கூட்டத்தைவிடச் சாப்பாடுதான் நெருக்கமாகப் பொருந்துகிறது, பழம் தின்பவற்றுக்கு இலை தின்பவற்றைவிட மூளை பெரிது என்றது. எனக்கு அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

[திரையில்: ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள்: 5, 15, 50, 150.]

நான் உண்மையில் உங்களிடம் காட்ட நினைத்தது இந்தப் படத்தை. கஷ்டம் என்றால் ஓடி வருபவர்கள் 5 பேர். அவர்களையும் சேர்த்து நெருக்கமானவர்கள் 15, நல்ல பழக்கம் 50, பிறகு 150. நாம் மனிதர்களோடு செலவிடும் நேரத்தில் சுமார் 40 சதவீதம் அந்த 5 பேருக்கே போகிறது, அடுத்த 10 பேருக்கு இன்னொரு 20. மிச்சமுள்ள 135 பேர் மீதியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூளைக்கு எல்லை இருக்கட்டும், நாளுக்கு 24 மணி நேரம்தானே! அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் கணக்கிட்டபடி, புதிதாகப் பழகும் ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் இருக்கலாம், அந்த 200 மணி நேரத்தை வாட்ஸ்அப் தராது.

இது தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். பிரிட்டனில் பள்ளி முடித்து வெளியே போன மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். சொந்தக்காரர்களோடு நெருக்கம் பெரிதாகக் குறையவில்லை, நண்பர்களோடு குறைந்தது. பெண்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தது நட்பைக் காப்பாற்றியது. ஆண்களுக்குள் பேச்சு அவ்வளவு உதவவில்லை, சேர்ந்து ஏதாவது செய்ததுதான் உதவியது.

அதனால் பெங்களூரில் இருக்கும் தம்பிகளே, போன் செய்தேனே என்று இருந்துவிடாதீர்கள். சனிக்கிழமை பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி இரண்டு மணி நேரம், தர்மபுரி மூன்று. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு இங்கே ஆள் பத்தவில்லை.